மூன்று சொல்லுக்கு ஒரு கட்டம்

நோயெமி இரண்டு நாளாக அழாமல் இருந்தாள். அழுதால் முகம் வீங்கிவிடும், வீங்கிய முகத்தோடு வயோலாவின் எதிரே உட்கார வேண்டியிருக்கும் என்பதுதான் காரணம். புருஷன் செத்த வீட்டில் இப்படியும் ஒரு காரணமா என்று கேட்பவர்கள் வயோலாவைப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுபத்திரண்டு வயதில், நரைத்த முடியை ஒற்றைப் பின்னலாக இடுப்புவரை விட்டுக்கொண்டு, காதில் வெள்ளியும் நீலக்கல்லும் ஆட, யாருடைய வீட்டுக்குள்ளும் தன் வீட்டுக்குள் நுழைவது போல நுழைகிறவள் அவள். நோயெமிக்கு முன்னால் அவள் புருஷனோடு வாழ்ந்தவள்.

அவளை வரவழைத்ததும் நோயெமியேதான். வேறு வழியில்லை. அமதேயோ மயெஸ்தாஸ் வியட்நாம் போரில் இருந்தவர். சவப்பெட்டிமேல் கொடி போர்த்த வேண்டுமானால், வேட்டுச் சத்தத்தோடு புதைக்க வேண்டுமானால், ராணுவம் கொடுத்த விடுவிப்புச் சீட்டைக் காட்ட வேண்டும். நோயெமி அலமாரி, தகரப்பெட்டி, லாரியின் டேஷ்போர்டுப் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். அமதேயோவின் அக்கா கிளியோ நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"அது அவகிட்டதான் இருக்கும். போருக்குப் போய்ட்டு வந்தவன் நேரா அவ வீட்டுலதானே போய் இறங்கினான். எங்கம்மா இங்க ஆட்டை அடிச்சு வெச்சுக்கிட்டு மூணு நாள் காத்திருந்தா."

நோயெமி அல்புகெர்க்கி நகரத்துக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்த வயோலா, விஷயத்தைக் கேட்டதும் "இருக்கு. நானே கொண்டு வரேன்" என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு காகிதம், எங்கே வைத்தோம் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

அப்படித்தான் மறுநாள் காலை பத்து மணிக்கு, அமெரிக்க மலையூரான தாவோஸில் உள்ள இறுதிச்சடங்கு நிலையத்தின் சின்ன அறையில் மூன்று பெண்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எதிரே நிலையத்தின் ஊழியர் பிரிசில்லா. முப்பது வயது இருக்கும். இறப்புச் சான்றிதழுக்கான கேள்விகளைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டாள்.

"அப்பா அம்மா பேரு?"

"செலெதோனியோ மயெஸ்தாஸ். அம்மா ரஃபெலித்தா வலேரியோ" என்று கிளியோ முந்திக்கொண்டாள்.

"என்ன வேலை? ஓய்வுன்னு போடக் கூடாதும்மா. வாழ்நாள்ல அதிகமா செஞ்ச வேலை."

"ரோடு சமன்படுத்துற வண்டி ஓட்டினார்" என்றாள் நோயெமி. "கவுண்டி நிர்வாகத்துக்கு. இருபத்தொன்பது வருஷம். பனிக்காலத்துல விடிகாலை மூணு மணிக்கு எழுப்பி விடுவேன்." கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சேர்த்தாள். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் வயோலாவைப் பார்த்தாள். வயோலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிப்பு?"

"பள்ளிக்கூடம் முடிச்சிருக்கார்."

"கல்லூரியில ரெண்டு வருஷம்" என்றாள் வயோலா, ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ராணுவச் சலுகையில சேர்ந்தான். வரலாறு. மூணாவது வருஷம் எங்களையெல்லாம் வெளிய தள்ளிட்டாங்க. வாசலை மறிச்சோம்னு."

முப்பத்துநான்கு வருஷம் ஒரே படுக்கை. பல்கட்டு எந்த டம்ளரில் இருக்கும் என்பது முதற்கொண்டு அவளுக்குத் தெரியும். கல்லூரி தெரியாது.

"சரி, கல்லூரி, பட்டமில்ல" என்று பிரிசில்லா தட்டினாள். "அடுத்தது வம்சம். இறந்தவர் ஸ்பானிஷா, ஹிஸ்பானிக்கா, லத்தீனோவான்னு கேக்குறாங்க."

"மூணும் ஒண்ணா, வேறயா?" என்றாள் நோயெமி.

"அது கவர்மெண்டுக்கே தெரியாதும்மா. பொம்பளைங்கன்னா லத்தீனா, நான் அதைத்தான் போடுவேன். எங்கப்பா ஹிஸ்பானிக்னு போடுவார். என் தங்கச்சி காலேஜ்லருந்து புதுசா ஒரு சொல்லு கொண்டு வந்திருக்கா, அது எங்க யார் வாயிலயும் நுழைய மாட்டேங்குது. இருங்க, கட்டத்தைப் படிக்கறேன். இல்லைன்னு ஒண்ணு. ஆமாம்னா, மெக்சிகன், மெக்சிகன் அமெரிக்கன், சிகானோ, இந்த மூணுக்கும் சேர்த்து ஒரே கட்டம். போர்ட்டோ ரிக்கோ ஒண்ணு. கியூபா ஒண்ணு. வேறன்னா என்னன்னு எழுதணும்."

"வேற" என்றாள் கிளியோ. கைத்தடியைத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். "ஸ்பானிஷ்னு எழுது. நானூறு வருஷமா இந்த மலையில இருக்கோம். மெக்சிகோன்னு ஒரு தேசம் பொறக்கறதுக்கு முன்னாடியே எங்க வாய்க்கால்ல தண்ணி ஓடுச்சு."

வயோலா முதல் தடவையாகத் திரும்பினாள். "கிளியோ, உங்க தம்பி இதைக் கேட்டா எழுந்து உட்கார்ந்துடுவான். அவன் சிகானோ. நெஞ்சைத் தட்டிச் சொன்னவன். அந்தக் கட்டம் அங்க இருக்கு, அதைப் போடும்மா."

"நெஞ்சைத் தட்டினானாம்! உன் கூடச் சேர்ந்து போலீஸ்கிட்ட முதுகுல தட்டு வாங்கினான். அதைச் சொல்லு."

"நான் வாங்கினதையும் சேர்த்துச் சொல்லுங்க. கணக்கு சரியா இருக்கட்டும்."

பிரிசில்லா இரு கையையும் தூக்கினாள். "சண்டை வேணாம். சட்டப்படி சம்சாரம் என்ன சொல்றாங்களோ அதைத்தான் நான் போட முடியும். நோயெமியம்மா, நீங்க சொல்லுங்க."

நோயெமி திரையைப் பார்த்தாள். மெக்சிகன். அது அவளுடைய சொல். மெக்சிகோவில், சிவாவா மாநிலத்தின் தெலிசியாஸ் நகரத்தில் பிறந்து, இருபத்தாறு வயதில் இங்கே வந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளை அமதேயோ 'என் மெக்சிகானா' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அதே கட்டத்தில், ஒரு கமா தள்ளி, அந்த இன்னொரு சொல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

சிகானோ. தெலிசியாஸில் அவளுடைய அப்பா அதை ஏச்சாகத்தான் சொல்வார். எல்லைக்கு அந்தப்பக்கம் அமெரிக்காவில் பிறந்து, ஊர்ப் பேச்சும் வராமல் திரிகிற பிள்ளைகளை. அந்த ஏச்சையே எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு ஊர்வலம் போனவர்கள் அமதேயோவும் வயோலாவும். ஒவ்வொரு ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதியும், எழுபதாம் வருஷத்துப் போர் எதிர்ப்பு ஊர்வலத்தின் நினைவாக, பழைய கூட்டாளிகள் அல்புகெர்க்கியில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள். அமதேயோ தாடியைச் சீவிக்கொண்டு போவார். "நானும் வரட்டா?" என்று ஒரு வருஷம் கேட்டாள். "உனக்கு அலுப்பா இருக்கும்" என்றார். கல்யாணமான புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆசையாக "என் சிகானோ" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்துவிட்டார். "உன் வாயில அது இரவல் சட்டை மாதிரி இருக்கு" என்றார். கேலிதான். அன்றிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயில் எடுக்கவில்லை. வேறு யாராவது எடுத்தாலும், வயோலாவின் பின்னல் கண்முன் ஆடும்.

"போன ஆகஸ்ட்லகூட சொன்னான்" என்றாள் வயோலா. குரல் இறங்கியிருந்தது. "நான் செத்தா என்னைக் கவர்மெண்டு சொல்ற மாதிரி ஹிஸ்பானிக்னு எழுதிப் புதைச்சுடாதீங்க, வயோலா, பார்த்துக்கன்னு."



பார்த்துக்க. தன் சாவைப் பற்றி அவர் நோயெமியிடம் பேசியதே இல்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகும், "ஒண்ணுமில்ல, தூசி" என்றுதான் சொன்னார். பேசவேண்டியதை நூற்றிருபது மைல் வண்டி ஓட்டிக்கொண்டு போய் இவளிடம் பேசியிருக்கிறார்.

"வேறன்னு போடு பிரிசில்லா" என்றாள் நோயெமி. "ஸ்பானிஷ்."

வயோலாவின் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நோயெமி அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். கிளியோவின் கை மேசைக்கடியில் ஊர்ந்து வந்து அவள் கையைப் பிடித்தது. முப்பத்துநான்கு வருஷத்தில் அந்தக் கை அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வயோலா பையைத் திறந்து, கண்ணாடித்தாள் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்த சீட்டை மேசையில் வைத்தாள். "பத்திரமா வெச்சுக்க" என்று நோயெமியிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அடக்கம் வெள்ளிக்கிழமை, அவர்கள் ஊரான பெனாஸ்கோவின் கல்லறையில். கொடியை முக்கோணமாக மடித்து நோயெமியின் மடியில் வைத்தார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்து முடித்தார். கூட்டம் கலைய ஆரம்பித்தபோது, வேலியோரம் நின்றிருந்த பழைய கூட்டாளிகள், பத்துப் பன்னிரண்டு கிழவர்களும் கிழவிகளும், முன்னால் வந்தார்கள். ஒருவருக்கு மூக்கில் பிராணவாயுக் குழாய். ஒருத்தி சக்கர நாற்காலியில். நடுவில் வயோலா.

"அமதேயோ மயெஸ்தாஸ்!" என்று வயோலா கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல, ஆனால் மலை எதிரொலிக்க.

"இருக்கிறார்!" என்றார்கள் அத்தனை பேரும், முஷ்டியைத் தூக்கி.

மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் அவர்கள் பதில் சொன்னார்கள். மூன்றாவது தடவை, ஊர்க்காரர்களில் சிலரும், சாலை வேலைக்காரர்களும்கூடச் சேர்ந்துகொண்டார்கள். நோயெமி சேர்ந்துகொள்ளவில்லை. அவள் புருஷனை இன்னொருத்தி பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள், குழிக்குள்ளிருந்து அவர் பதில் சொல்வதாக ஊரே சொல்கிறது. மடியில் இருந்த கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய் அந்தப் பின்னலைப் பிடித்து இழுத்தால் என்ன என்று நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள்.

"கூத்து" என்று முணுமுணுத்தாள் கிளியோ. "செத்த வீட்லயும் அரசியல்."

கோயில் கூடத்தில் சாப்பாடு. சிவப்பு மிளகாய்க் குழம்பு, பீன்ஸ், அடுப்பில் சுட்ட ரொட்டி, சோளமும் பன்றியிறைச்சியும் போட்ட கஞ்சி. கிளியோ அவளைக் கையைப் பிடித்து மேசை மேசையாக அழைத்துப் போனாள். "எங்க நோயெமி" என்று தாயாதிகளிடம் சொன்னாள். எங்க நோயெமி! இத்தனை வருஷமாக 'அமதேயோ கட்டிக்கிட்டவ' என்றுதான் சொல்லி வந்தாள். வயோலாவின் கூட்டம் மூலையில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு எதற்கோ வாய்விட்டுச் சிரித்தது. நிச்சயம் அமதேயோவைப் பற்றிய கதைதான். நோயெமி கேட்டிராத கதை. அவள் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ்கள் வந்தன. முத்திரை பதித்த ஐந்து பிரதிகள். செய்தி தெரிந்த அன்று மாலையே கிளியோ வந்து, அடுப்பங்கரை மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க இருக்கு, காட்டு. ஆங். வேற, ஸ்பானிஷ்." விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். "எனக்கு ஒண்ணு குடு. சட்டம் போட்டு மாட்டப் போறேன், எங்கம்மா படத்துக்குப் பக்கத்துல."

"எடுத்துக்கங்க அண்ணி."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் நோயெமி. தப்பா எடுத்துக்காத. நீ வந்தப்ப எங்கம்மா பத்து நாள் படுத்த படுக்கையா கிடந்தா. போயும் போயும் ஒரு சுருமாத்தாவைப் பிடிச்சுட்டு வந்துட்டானேன்னு."

சுருமாத்தா என்பது இந்த மலைக்காரர்கள் மெக்சிகோவிலிருந்து வருகிறவர்களுக்கு வைத்திருக்கும் இளக்காரப் பெயர். நோயெமி அதைக் கடைவாசலில் கேட்டிருக்கிறாள், கோயிலில் கேட்டிருக்கிறாள். முகத்துக்கு நேரே கேட்பது இப்போதுதான்.

"நம்ம ஆளை எல்லாரும் இனி மெக்சிகன்னு நினைச்சுடுவாங்களேன்னு அம்மாவுக்குப் பயம்" என்று கிளியோ தொடர்ந்தாள், பாசமாக. "நீயே உன் வாயால சரி பண்ணிட்ட பாரு. இனி எவனும் எதுவும் சொல்ல முடியாது. நீ வந்த தடமே இல்லாம, அவன் பொறந்த மாதிரியே போயிட்டான். நல்ல பொண்ணு நீ."

அவள் போன பிறகு நோயெமி நான்கு பிரதிகளையும் மேசையில் பரப்பினாள். நான்கிலும் ஒரே எழுத்து. வயோலாவை வெளியே தள்ளக் கதவைச் சாத்தியவள் தானும் வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கிளியோவும் அவள் அம்மாவும். அதுவும் யார் கையால்? தன் கையால். சிவாவாவிலிருந்து வந்தவளோடு முப்பத்துநான்கு வருஷம் உப்புப் புளி தின்ற ஒரு மனுஷனின் காகிதத்தில், அந்தப் பக்கத்து மண் ஒரு துளி இல்லை. 'என் மெக்சிகானா' என்று கூப்பிட்டவர் யாரோ, தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்தாள். யோசித்தது மாற்றுவதா வேண்டாமா என்பதை அல்ல. மாற்றினால் வயோலா ஜெயித்ததாக ஆகிவிடுமே என்பதை. அந்தக் கட்டத்தில் தன் சொல்லுக்கு மட்டும் தனியாக ஓர் இடம் இருந்திருந்தால், அன்றைக்கே முடிந்திருக்கும். அவளைச் சேர்க்காமல் தன்னைச் சேர்க்க வழியில்லாதபடி எவனோ ஒரு குமாஸ்தா கட்டம் போட்டு வைத்திருக்கிறான். அவனுக்கு வீட்டில் ஒரே பெண்டாட்டி போலிருக்கிறது.

திங்கட்கிழமை தாவோஸுக்குப் போனாள்.

"மாத்தலாம்மா" என்றாள் பிரிசில்லா. "தகவல் சொன்னவங்க நீங்கதானே. தப்பாச் சொல்லிட்டேன்னு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் சாந்தா ஃபே ஊர்ல இருக்கற பதிவு ஆபீசுக்கு அனுப்பறேன். கிளியோம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியணும்னு இருக்கா?"

"இல்ல."

"வயோலாவுக்கு?"

"யாருக்கும் போகாதும்மா. புதுப் பிரதி உங்களுக்கு மட்டும்தான் வரும்."

நோயெமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரி. அந்த மூணு சொல் இருக்கற கட்டத்தைப் போடு. இல்ல, நீ போடாத. பேனாவைக் குடு."

"உறுதிமொழியில எந்தச் சொல்லுன்னு தனியாக் குறிக்கணுமான்னு கேப்பீங்க…"

"குறிக்கணுமா?"

"வேணாம். கட்டம் ஒண்ணுதான். மூணுல எதுன்னு கேக்க மாட்டாங்க."

"கேக்கலைன்னா நான் ஏன் சொல்லப் போறேன்" என்று நோயெமி பேனாவை அழுத்தி ஒரு குறி போட்டாள். காகிதம் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. உறுதிமொழிகளுக்குச் சாட்சி முத்திரை வைக்கும் நோட்டரி அம்மாள் பக்கத்து அறையிலிருந்து வந்து முத்திரை குத்தினாள். "யார் மேல இவ்வளவு கோபம்?" என்று கேட்டாள். பிரிசில்லா கண்ணைக் காட்ட, முத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதுப் பிரதி ஜூலை கடைசியில் வந்தது. ஒன்றே ஒன்று. பழைய நான்கையும் அவள் அடுப்பில் போட்டாள். கிளியோ வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எண்பது வயசு. பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

அந்த வாரமே வயோலா கூப்பிட்டாள். நோயெமி சமையலறையில் நின்றபடியே போனை எடுத்தாள். புதுத் தாள் எதிரே மேசையில் கிடந்தது.

"எப்படி இருக்க?"

"இருக்கேன்."

"நான் விசாரிச்சேன் நோயெமி. அந்தச் சான்றிதழை மாத்த முடியுமாம். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நானே வந்து கூட்டிட்டுப் போறேன், பத்து நிமிஷ வேலை. எனக்காக இல்ல. அவனுக்காக."

நோயெமி தாளில் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். மூன்று சொல்லும் வரிசையாக இருந்தன.

"அது ஆனது ஆச்சு, வயோலா. விடுங்க."

"என்னால விட முடியலையே."

"முடியாதுதான்."

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தாள். அது இருமல் இல்லை. கல்லறையில் மலை அதிரக் கூப்பிட்டவள், தனியாக ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவன் என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்" என்றாள் நடுவில். "இத்தனை வருஷத்துல ஒண்ணே ஒண்ணு."

நோயெமி கேட்டுக்கொண்டே நின்றாள். மாற்றியாச்சு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதே நாக்கு நுனியில் கல்லூரி இருந்தது, ஐம்பது வருஷம் மடிப்புக் கலையாத சீட்டு இருந்தது, அந்த மூலை மேசைச் சிரிப்பு இருந்தது.

"வெயில் ஏறுது. செடிக்குத் தண்ணி விடணும்" என்றாள். "வெக்கட்டா?"

போனை வைத்துவிட்டு, தாளை எடுத்து உறைக்குள் போட்டாள். அவரைப் பற்றிக் கிளியோவுக்குத் தெரியாத, வயோலாவுக்குத் தெரியாத விஷயம் அவளிடம் இப்போது இது ஒன்றுதான் இருந்தது. இன்னும் கொஞ்ச நாளைக்கு அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.